பூஜ்ய வரி

டாக்சியை விட்டு இறங்கும்போதே பெடிலு பேசத் தொடங்கிவிட்டான். அது பயம்தான். பயந்தால் அவனுக்கு வாய் நீளும். டிரே டாவா பஸ் நிலையத்தில் ஆறு வருஷம் டிக்கெட் கிழித்தபோது பழகிய வாய்.

“அக்கா, செத்தவனைத் தேடிப் போனா நிதானமாப் போகலாம். உயிரோட இருக்கிறவனைத் தேடுறதுதான் பேஜாரு. கொஞ்சம் லேட்டானா நம்ம தலையில வந்து விழும்.”

அவன் முதலாளி அஸ்னகெச் கேட்டபடியே முன்னால் நடந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் அடுத்தவர் பேச்சைக் கேட்டே காலம் தள்ளியவள். கேட்பதுதான் அவளுக்குத் தொழில். இப்போது அதற்குத் துப்பறிதல் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். தோளில் ஒரு ஃப்ளாஸ்க் தொங்கியது. அதில் காபி இல்லை. ஈரத்துணியில் சுற்றிய சின்ன மருந்துப் புட்டி ஒன்றும், ஊசி ஒன்றும் இருந்தன.

அந்தப் புட்டிதான் இந்தக் கேஸ். இன்ஜினீயர் தெஃபெராவுக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் ஆள் நடமாடுவார். திங்கட்கிழமை பாலைவனப் பக்கம் புதுக் கிணறு ஒன்றைச் சோதிக்கப் போனவர், அன்றைய மருந்தோடு போனார், வீடு திரும்பவில்லை. ஊசி இல்லாமல் மூன்று நாளைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று வியாழன். மூன்றாம் நாள்.

போலீஸ் கேஸை மூடிவிட்டது. ஏனென்றால் ஒரு கடிதம் இருந்தது. செவ்வாய் காலை எட்டரைக்கு, அவர் வேலை பார்க்கும் ‘ஐந்து ஊற்று கிணற்றுக் கம்பெனி’யின் மேனேஜர் செய்ஃபு, தெஃபெராவின் மனைவி பிஸுநெஷ்ஷுக்குப் போன் செய்தார். உங்கள் வீட்டுக்காரர் தம் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று வருத்தத்தோடு சொல்லி, அதை வரிக்கு வரி வாசித்தும் காட்டினார். இந்த வேலையும் ஊரும் போதும், எல்லை தாண்டி ஜிபூட்டி பக்கம் போகிறேன், தேட வேண்டாம் என்று நாலே வரி. நம்பமாட்டேன், கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிஸுநெஷ் சொன்னாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு பத்து மணிக்குப் போய்ப் பார்த்தாள். திரையில் கடிதம் இருந்தது. போலீஸ் வந்தது, அந்த ஃபைல் எத்தனை மணிக்குப் பதிவானது என்று பார்த்தது. செவ்வாய், மூன்று இருபது, நடுராத்திரி கழிந்த நேரம்.

ஆக, ராத்திரியில் வந்து எழுதிவைத்துவிட்டு, விடிவதற்குள் லாரி ஏறிவிட்டார் என்று தீர்ந்தது. ராத்திரி ஒரு ஈ காக்காய்கூட உள்ளே வரவில்லை என்று சத்தியம் செய்த காவல்காரர் முமேயைத் தூங்குமூஞ்சி என்று சொல்லி வேலையை விட்டுத் துரத்தினார்கள்.

பிஸுநெஷ் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று சாயங்காலம் அந்தப் புட்டியை அஸ்னகெச்சின் மேஜைமேல் வைத்தாள். “என்னை விட்டுட்டுப் போயிருப்பாரு, அது நடக்கும். மருந்தை விட்டுட்டுப் போகமாட்டாரு,” என்றாள்.

கம்பெனியின் முற்றம் விசாலமானது. துளைக் குழாய்கள், உடைந்த பம்பு, ஓரமாய்த் தரைக்குள் கட்டிய பெரிய சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. அதன் இரும்பு மூடியில் டைப் அடித்த அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. உள்பூச்சு நடக்கிறது, விஷ வாடை, யாரும் திறக்கக் கூடாது, இப்படிக்கு இன்ஜினீயர் தெஃபெரா.

“ஊரை விட்டு ஓடுறதுக்கு முன்னாடி தொட்டிக்குப் பெயின்ட் அடிச்சுட்டு ஓடியிருக்காரு. பொறுப்பான மனுஷன்,” என்றான் பெடிலு.

அஸ்னகெச் நின்று மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். பிறகு நடந்தாள்.

மேனேஜர் செய்ஃபு வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயது, துவைத்து மடித்தது போன்ற மனிதர், பேச்சும் அப்படியே. தாராளமாகப் பாருங்கள், பகல் சாப்பாட்டுக்குப் பூட்டும்வரை அறை உங்களுடையது என்றார். அஸ்னகெச் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது நாலு காட்டியது. அதாவது வெயில் ஏறிய காலை பத்து. பொழுது விடிந்தபின் மணி எண்ணத் தொடங்கும் ஊரில் எல்லார் கடிகாரமும் அப்படித்தான் ஓடும். விமானம், வெள்ளைக்காரன், கம்ப்யூட்டர் மூன்றுக்கும்தான் ஆறு மணியைக் கூட்டிக் கழித்துக்கொள்ள வேண்டும். அது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

இன்ஜினீயரின் அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கிணற்று மண் நிரப்பிய பாட்டில்கள், நடுவில் அந்தக் கம்ப்யூட்டர். பெடிலு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். டிக்கெட் வேலை போனபின் ஆறு மாதம் கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்தில் படித்தவன். டைப்பிங்கில் தோற்றான், டேட்டாபேஸில் மட்டும் தப்பினான். கறுப்புத் திரையில் ஃபைல்கள் அடைத்த டைரக்டரி ஒன்றைத் திறந்தான். அதற்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் அறுபத்தோரு டைரக்டரி.

“இந்த ஆளு எதை எங்க வெச்சாருன்னு அவருக்கே தெரியாது அக்கா. இதுக்குள்ள பூந்து தேடினா நம்மளையும் ஒருத்தர் தேட வேண்டி வரும்.”

“தெருத் தெருவாத் தேடாதே,” என்றாள் அஸ்னகெச். “ஊர் ஜனம் மொத்தத்தையும் மைதானத்துல கொண்டுவந்து நிறுத்து. மூத்தது முன்னால, கடைசியாப் பொறந்தது கடைசியில.”

அதற்கு ஒரே வழிதான். முதலில் எல்லா டைரக்டரியின் பட்டியலையும் திரையில் காட்டாமல் ஒரே ஃபைலாக எழுதச் சொன்னான். ஃபைல் பெயர், அளவு, தேதி, மணி என்று வரி வரியாய் அது எழுதத் தொடங்கியபோது, வராந்தாவிலிருந்து காபிக்கொட்டை வறுபடும் வாசனையும் சாம்பிராணிப் புகையும் உள்ளே வந்தன. கம்பெனியின் டைப்பிஸ்ட் வுபித் முதல் கோப்பையை ஊற்றிக்கொண்டிருந்தாள். தினம் காலை ஒன்பது மணி வாக்கில் மூன்று சுற்றுக் காபி. மூன்றாவது கோப்பை முடியாமல் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. விருந்தாளிகள் வந்ததால் இன்று கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

பட்டியல் தயார். அதை டேட்டாபேஸுக்குள் ஏற்ற வேண்டும். முதல் தடவை கட்டத்தின் அகலத்தை ஓர் எழுத்துத் தப்பாகக் கொடுத்துவிட்டான். பெயரின் வால் அளவில் போய் விழுந்தது, தேதியின் தலை காணாமல் போனது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். இந்தத் தடவை ஒழுங்காய் உட்கார்ந்தது. கூடவே டைரக்டரித் தலைப்புகள், மொத்தக் கணக்குகள், வெற்று வரிகள் எல்லாம் டிக்கெட் இல்லாமல் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாக இறக்கிவிட்டான். கடைசியில் மூவாயிரத்து நூற்று எண்பத்திரண்டு வரி மிஞ்சியது.

எந்த நேரத்தில் எத்தனை ஃபைல் பதிவாகியிருக்கிறது, எண்ணிச் சொல் என்றாள் அஸ்னகெச். பெடிலு கேட்டான். இயந்திரம் எண்ணிச் சொன்னது.

அவன் திரையை இன்னொரு தடவை படித்தான்.

ராத்திரி ஒரு மணி தாண்டி ஆரம்பிக்கிறது. இரண்டு மணிக்கு நூற்றுக்கணக்கில் ஃபைல். மூன்று, நாலு, ஐந்து மணிக்கும் அப்படியே. விடியும் ஆறு மணிக்குச் சட்டென்று நிற்கிறது. ஒன்பதுக்கு மறுபடி தொடங்கிப் பகல் பன்னிரண்டோடு முடிகிறது. மத்தியானத்துக்குமேல் சாயங்காலம்வரை, ஊரே வேலை செய்கிற நேரத்தில், எட்டு மாதத்தில் ஒரு ஃபைல்கூட இல்லை.

பெடிலு கழுத்துக் கயிற்றை விரலால் தொட்டுக்கொண்டான். ஞானஸ்நானத்தின்போது கட்டிய கயிறு. பஸ் பிரேக் பிடிக்காத நாள்களில்தான் அதைத் தொடுவது வழக்கம்.

“அக்கா, எட்டு மாசமா ராத்திரி ராத்திரி இந்த நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்து வேலை பாத்திருக்காரு. முமே ஒரு நாள்கூடப் பாக்கல. நான் கொஞ்சம் எழுந்து நிக்கட்டுமா?”

“உட்காரு,” என்றாள். “இப்ப வயசுப்படி நிறுத்து.”

தேதியும் மணியும் பார்த்து வரிசைப்படுத்தினான். கடைசி வரிகளுக்கு இறங்கினான். செவ்வாய், மூன்று இருபது, அந்தக் கடிதம். அதற்கு இருபத்துநாலு நிமிஷம் கழித்து, மூன்று நாற்பத்துநாலுக்கு, தொட்டி என்று பெயர் வைத்த இன்னொரு ஃபைல். அதைத் திறந்தான். முற்றத்தில் ஒட்டியிருந்த அதே அறிவிப்பு, ஓர் எழுத்து மாறாமல்.

அதற்கும் கீழே இன்னும் ஒரே ஒரு வரி இருந்தது. இன்றைய தேதி, நாலு பத்து என்ற மணி, அளவு என்ற இடத்தில் பூஜ்யம்.

“இது குப்பை,” என்றான் பெடிலு. “நம்ம பட்டியலே பட்டியல்ல ஏறிக்கிச்சு. எழுத ஆரம்பிச்ச நொடியில அதுக்குள்ள ஒண்ணும் இருக்காதில்ல, அதான் பூஜ்யம். கண்டக்டர் தன் பேருக்கே டிக்கெட் கிழிச்ச மாதிரி.” சொல்லிக்கொண்டே அழிக்கும் கட்டளையை டைப் அடித்துவிட்டான். கடைசிப் பொத்தானுக்கு விரல் போனபோது அஸ்னகெச் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

“இதை எப்ப எழுதச் சொன்ன?”

“இப்பத்தான். வுபித் முதல் கப்பு ஊத்தறப்போ.”

அவள் மணிக்கட்டை விடவில்லை. முகம் வெளுத்திருந்தது. அவள் பயந்து அவன் பார்த்ததில்லை. அதனால் அவனுக்கு இரண்டு மடங்கு பயம் வந்தது. என்ன என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் நாற்காலியின் முதுகில் யாரோ கை வைத்தது தெரிந்தது.

மேனேஜர் செய்ஃபு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. செருப்புச் சத்தமே இல்லை. ஏதாவது தட்டுப்பட்டதா என்று மெதுவாகக் கேட்டார்.

“தட்டுப்பட்டுது ஐயா,” என்றாள் அஸ்னகெச், சலிப்பான குரலில். “போலீஸ் சொன்னதுதான் சரி. மனுஷனுக்கு ராத்திரி ராத்திரி வந்து வேலை பாக்கிற பழக்கம் இருந்திருக்கு. அன்னிக்கும் ராத்திரிதான் வந்திருக்காரு. எழுதியிருக்காரு, போயிட்டாரு. அந்தம்மா மனசு கேக்கல, அவ்வளவுதான்.”

செய்ஃபு நீளமாய் மூச்சு விட்டார். பாவம் என்றார். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

பெடிலுவுக்குக் காதெல்லாம் எரிந்தது. மூன்றாம் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. புட்டி ஃப்ளாஸ்க்கில் இருக்கிறது. இவள் கையைக் கழுவிவிட்டாள். வராந்தாவில் பொரியை அள்ளி வாயில் போட்டான். மண்ணை மென்றது போல் இருந்தது. அஸ்னகெச் வுபித் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காபியைப் புகழ்ந்தாள், பிறகு ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டாள். வுபித் யோசித்தாள். ஒரு விரலைக் காட்டினாள்.

பகல் சாப்பாட்டுக்குக் கம்பெனி பூட்டியது. செய்ஃபு கை குலுக்கிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். வெயிலில் தெரு காலியாய்க் கிடந்தது. கடைக்காரர்கள்கூட போதை தரும் ஜாத் இலையை மென்றபடி நிழலில் சாய்ந்துவிட்டார்கள். இனி மூன்று மணிவரை இந்த ஊரில் எவனும் எழமாட்டான். மூலை திரும்பியதும் அஸ்னகெச் டாக்சிக்காரனிடம், ரயில் பட்டறை ஆட்களைக் கூட்டிவரச் சொல்லும் சீட்டு ஒன்றைக் கொடுத்து, காவல்காரர் முமே வீட்டுக்கும் பிஸுநெஷ் வீட்டுக்கும் பறக்கச் சொன்னாள். பெடிலுவின் சட்டையைப் பிடித்து வறண்ட ஆற்றுப் பக்கமாக இழுத்தாள்.

“அந்த முற்றத்துல உனக்குப் பெயின்ட் வாசனை வந்துச்சா?”

வரவில்லை. இப்போது யோசித்தால்தான் உறைத்தது. துரு வாசனை வந்தது, எண்ணெய் வாசனை வந்தது. பூச்சு வாசனை துளியும் இல்லை.

“கடிதம் எழுதின கைதான் இருபத்துநாலு நிமிஷம் கழிச்சு அந்த அறிவிப்பையும் எழுதியிருக்கு,” என்றாள். “ஓடிப்போறவனுக்குத் தொட்டி எதுக்கு? யாரு எவருன்னு அப்புறம் பேசலாம். முதல்ல ஆளை எடுக்கணும்.”

பின்சுவர் ஆற்றோரமாய் இடிந்திருந்தது. அதன் வழியே ஏறினார்கள். மூடியின் மேல் ஒரு கனத்த குழாயைக் குறுக்கே போட்டிருந்தார்கள். இருவரும் தள்ளினார்கள். வெயிலில் காய்ந்த இரும்பு உள்ளங்கையைப் பொசுக்கியது. மூடி அரை வட்டம் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. பூச்சு வாடை இல்லை. மனித வாடை, அழுகின பழ வாடை மாதிரி ஒன்றும் கலந்திருந்தது. சர்க்கரை ஏறினவர்களின் மூச்சு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அஸ்னகெச்சின் முழங்கால் ஏணிக்கு ஆகாது. ஃப்ளாஸ்க்கையும் சின்ன டார்ச்சையும் அவன் கையில் கொடுத்தாள். பெடிலு இறங்கினான். ஒவ்வொரு படியிலும் மேலே இருந்த வெளிச்சம் சின்னதானது.

மூலையில் தெஃபெரா சுருண்டு கிடந்தார். பக்கத்தில் காலித் தண்ணீர் டப்பா. உதடு வெடித்திருந்தது, மூச்சு பெரிது பெரிதாய் வாங்கியது. டார்ச்சு முகத்தில் பட்டதும் கண் திறந்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்துப் பெடிலு தன் பயத்தை ஒரு நிமிஷம் மறந்தான். உங்கள் மனைவி அனுப்பினாள் என்று சொல்லிப் புட்டியைக் காட்டினான். தெஃபெரா அதைப் பார்த்து அழுதார், கண்ணீர் வரவில்லை.

அப்போதுதான் தலைக்கு மேல் இரும்பு கரகரத்தது. வெளிச்சம் பிறையாகி, கோடாகி, அணைந்தது. குழாய் குறுக்கே விழும் சத்தம் தொட்டி முழுக்க அதிர்ந்தது.

மேலே குரல்கள். மூடியின் வழியாக மங்கலாய், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. முதல் குரல் துவைத்து மடித்தது போல் இருந்தது.

“வீட்டுக்குப் போயிருக்கலாமே அம்மா,” என்றார் செய்ஃபு. “நானும் தண்ணி குடுக்கத்தான் வந்தேன். தினம் இந்த நேரத்துக்குத்தான் வரேன். அந்த ரிப்போர்ட்டு எங்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்தாளு இந்நேரம் வீட்டுல இருப்பாரு.”

“கிணத்துத் தண்ணி குடிச்சாப் பிள்ளைங்க எலும்பு வளையும்னு எழுதின ரிப்போர்ட்டா? பிஸுநெஷ் நேத்தே சொல்லிட்டா,” என்றாள் அஸ்னகெச்.

இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது. பெடிலு ஏணியைப் பிடித்தான். ஏறி என்ன செய்வது? மூடியை ஒற்றை ஆளாய் அசைக்க முடியாது. கீழே தெஃபெரா அவன் காலைப் பிடித்தார். ஊசி, ஊசி என்றார்.

ஊசி என்றாலே தடுப்பூசிப் பந்தலை விட்டு ஓடியவன் பெடிலு. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டான். எத்தனை கோடு என்று கேட்டான். தெஃபெரா விரலால் காட்டினார். டார்ச்சு ஆடியதில் முதல் தடவை புட்டியின் வாய் அகப்படவில்லை. இரண்டாம் தடவை அகப்பட்டது. மேலே அஸ்னகெச் பேசிக்கொண்டே இருந்தாள், எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்கும்வரை ஆளை வெட்டாமல் வைத்திருப்பாளே, அந்தக் குரலில்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன் ஐயா, கேட்டுட்டு அடிங்க. உங்களைக் காட்டிக் குடுத்தது ஒரு பூஜ்யம். நாங்க எடுத்த பட்டியல் அதுக்குள்ளயே ஏறியிருந்துச்சு, எழுத ஆரம்பிச்ச நிமிஷத்தோட. அப்போ என் வாட்ச்சுல நாலு பத்து. கம்ப்யூட்டர்ல பத்துப் பத்துன்னு இருக்கணும். அதுலயும் நாலு பத்து. தெஃபெரா தன் மெஷினுக்கு நம்ம ஊர் மணியை வெச்சிருக்காரு. கிணத்து மட்டத்தை மணிக்கு மணி நோட்டுல குறிக்கிறவரு, ஒவ்வொண்ணுக்கும் ஆறு கூட்ட அலுப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை பாத்ததெல்லாம் காலை எட்டு மணி. விடியக்காலம் ஆறு மணிக்கு நின்னது சாப்பாட்டு வேளை.”

“அதனால?”

“அதனால, கடிதம் எழுதினது ராத்திரி மூணு இருபது இல்ல. பகல்ல, காலை ஒன்பது இருபதுக்கு. ஆனா நீங்க பிஸுநெஷ்ஷுக்குப் போன் பண்ணி அதை வரிக்கு வரி வாசிச்சது எட்டரைக்கு. எழுதறதுக்கு அம்பது நிமிஷம் முன்னாடியே படிச்சுட்டீங்க. அவ வந்து பாக்கணும்னு சொல்லுவான்னு நீங்க நினைக்கல. எல்லாரும் வராந்தாவுல காபிக்கு உட்கார்ந்ததும் ஒரு கப்போட எழுந்து போய் டைப் அடிச்சீங்க. மூணு சுத்தும் குடிக்காம எழுந்தவரை வுபித் மறப்பாளா? போலீஸ் அதைப் பாத்து ராத்திரின்னு சொன்னதும், தானா வந்த அதிர்ஷ்டம்னு தலையாட்டிட்டீங்க.”

தொட்டிக்குள் பெடிலு ஊசியை இழுத்தெடுத்தான். தெஃபெராவின் தலை அவன் மடியில் இருந்தது. மேலே குழாயைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அக்கா, அக்கா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு காலடிகள். ஒன்றல்ல, நிறைய. ரயில் பட்டறை ஆட்களின் கனத்த பூட்ஸ்கள். கிழட்டுக் குரல் ஒன்று எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. முமே.

“அந்தக் குழாயைக் கீழ போடு. ராத்திரி யாரும் வரலன்னு நான் சத்தியம் பண்ணினேன். பகல்ல வந்தவனை நீதான்டா பாத்துக்கணும், மேனேஜரு.”

மூடி திறந்தது. வெயில் கத்தை கத்தையாய் உள்ளே விழுந்தது. பிஸுநெஷ் மேலே மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். கையை உள்ளே நீட்டினாள். நாலு பேர் இறங்கித் தெஃபெராவைப் போர்வையில் தூக்கினார்கள். செவ்வாய் காலையில் கிணற்றிலிருந்து நேரே வேலைக்கு வந்தவரை, காவல்காரர் கிளம்பியபின் மற்றவர்கள் வருவதற்குமுன், செய்ஃபு தொட்டியைப் பார்க்கச் சொல்லிக் கூட்டிப்போய்த் தள்ளிய கதையை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். வெளிச்சத்தில் கண் கூசியது போலும், கையால் மறைத்துக்கொண்டார்.

“மணி என்ன?” என்று பெடிலுவிடம் கேட்டார்.

பெடிலு அஸ்னகெச்சின் மணிக்கட்டைப் பார்த்தான். “ஆறரை ஆகப்போகுது. உங்க மெஷின்லயும் அதே ஆறரைதான்.”

தெஃபெரா சிரிக்கப் பார்த்தார். டாக்சியில் ஏற்றினார்கள். பிஸுநெஷ் அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் புழுதி கிளப்பிப் போனது. தெஃபெரா பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சாயங்காலம் சொல்லி அனுப்பினார். இன்னும் அரை நாள் போயிருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆனால் அது சாயங்காலம். இப்போது, செய்ஃபுவைப் பட்டறை ஆட்கள் போலீஸுக்கு இழுத்துப்போனபின், பெடிலு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அஸ்னகெச் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்தப் பூஜ்யத்தை நான் அழிக்கப் போனேனே.”

“ஆமா.”

“பொத்தான்மேல விரல் இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

அதற்கு ஒரு ஜோக் இருந்தே ஆக வேண்டும். எப்போதும் இருக்கும். பெடிலு தேடினான், கிடைக்கவில்லை. தன் வலது ஆள்காட்டி விரலை இன்னொரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டான். ரொம்ப நேரம் அதை விடவில்லை.